மேலே போகும் தண்ணீரை அளந்தவர்

சரோஜினி மிஸ் காலமான செய்தி எங்கள் அலுவலகத்து வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அதற்கு மேலே, மாற்றலாகிப் போகும் ஒருவருக்கு வைக்கும் தேநீர் விருந்தின் அறிவித்தல். கீழே, யாரோ வீட்டுப் பிள்ளையின் பிறந்தநாள் கேக். நடுவில் ஒரே வரியில் அவர் செத்துப்போயிருந்தார். வெள்ளிக்கிழமை காலை, பதுளைக் கடைவீதியில் என் தம்பியின் கடை வாசலில் நின்று அதைப் படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. எங்கள் பணிப்பாளரும் ஒரு கும்பிடு போட்டிருந்தார். உயிரோடு இருந்த நாளில் சரோஜினி மிஸ் நீட்டிய ஒரு காகிதத்தை நிமிர்ந்து பார்த்து வாங்காத மனிதர் அவர். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். "நீங்கள்தான் அவருடன் அதிகம் வேலை செய்தவர். சுருக்கமாக, நல்லதாக நாலு வார்த்தை பேசுங்கள். அந்த மர விஷயம் மட்டும் வேண்டாம்" என்றார் பணிப்பாளர். மர விஷயத்தை எடுத்துவிட்டால் சரோஜினி மிஸ்ஸைப் பற்றி நான் என்னத்தைப் பேசுவது? நேர்த்தியாகச் சேலை கட்டுவார் என்றா? தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டுப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். அங்கே பேசாததை இங்கே எழுதுகிறேன். அவரை அறிந்த உங்களுக்கு இதில் பாதி தெரிந்திருக்கும். மற்றப் பாதியை வேறு விதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதனால்தான் எழுதவேண்டியிருக்கிறது.

அவர் பிறந்தது ஹாலிஎலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். தோட்டத்தின் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய தங்கை செல்வி இன்றைக்கும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள். நாளைக் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போது அவள் பெயர் மட்டும் விடுபட்டுப் போனால், இந்தக் கட்டுரையை வைத்து அவள் உலை வைக்க முடியாது. லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் புவியியல் படித்து, பதுளையில் எங்கள் நீர்வளப் பிரிவுக்கு அதிகாரியாக வந்தவர் சரோஜினி. நான் அங்கே படவரைஞன். கடைவீதியில் பிறந்து வளர்ந்த முஸ்லிம். பதவியில் அவர் எனக்கு மேலே, வயதில் நான் அவருக்கு மேலே. நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை, எங்கள் வீட்டு வழக்கில் அண்ணன் என்பதுபோல், நானா என்பார். அலுவலகத்தில் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான்.

எங்கள் அலுவலகம் காலங்காலமாக மழையை அளந்து வந்தது. மழைமானி இருக்கிறது, அளப்பதற்கு ஆள் இருக்கிறார், எழுதுவதற்குப் பத்தி இருக்கிறது. பெய்த மழையில் எவ்வளவு திரும்ப ஆகாயத்துக்குப் போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. கொழும்பில் நடந்த ஒரு பயிற்சிக்குப் போய்வந்த பிறகு சரோஜினி மிஸ் அதைக் கேட்கத் தொடங்கினார். மண்ணிலிருந்து ஆவியாகிப் போவதும் மரம் செடிகள் இலை வழியே வெளியே விடுவதும் சேர்ந்த கணக்கை இப்போது ஆகாயத்தில் சுற்றும் செய்மதிகளை வைத்து எடுக்கிறார்கள், அதை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார்கள் என்றார். பாடப்புத்தகத்தில் அதற்கு நீளமான ஒரு பெயர் உண்டு. அவர் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார். "மழை கீழ வர்ற தண்ணி நானா. இது மேல போற தண்ணி. ரெண்டையும் கழிச்சா மிஞ்சுறதுதான் நம்ம பீலியில விழுது" என்பார். பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் லயத்துக் குழாய்.

அவ்வளவு உயரத்திலிருந்து செய்மதி எப்படித் தண்ணீரைப் பார்க்கும் என்று நான் கேட்டேன். அவர் என்னை அலுவலகத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். நல்ல வெயில். மோட்டார் சைக்கிள் நிறுத்தும் தகரக் கொட்டகையில் கையை வைக்கச் சொன்னார். சுட்டது. பக்கத்திலிருந்த கொய்யா மரத்தின் இலையைத் தொடச் சொன்னார். அதே வெயில்தான் அதன் மேலும் அடித்தது, ஆனாலும் குளிர்ச்சியாக இருந்தது. "வேர் தண்ணி குடிக்குது, எல வெளிய விடுது. அதான் சுடல. மேலயிருந்து அது பாக்குறது இந்தச் சூட்டத்தான். அதோட காத்து, வெயில் எல்லாத்தையும் வெச்சுக் கணக்குப் போடுறாங்க." இதே விளக்கத்தைப் பணிப்பாளருக்கும் பொறுமையாகச் சொன்னார். எல்லாம் கேட்டுவிட்டு அவர், பண்டாரவளையில் தான் கட்டும் வீட்டின் கூரை அந்தப் படத்தில் தெரியுமா என்று விசாரித்தார்.

அந்தத் தரவை எடுப்பதற்கு இணையத்தில் ஒரு கணக்குத் திறக்கவேண்டும். பெயரும் மின்னஞ்சலும் கொடுத்தால் போதும். அலுவலக மின்னஞ்சலைப் பாவிக்கலாமா என்று சரோஜினி மிஸ் முறைப்படி அனுமதி கேட்டார். வெளிநாட்டு நிறுவனம், பாதுகாப்புப் பிரச்சினை, கொழும்பைக் கேட்கவேண்டும் என்றார்கள். கொழும்பைக் கேட்டதாகவும் சொன்னார்கள். மாதக்கணக்கில் இவர் காத்திருந்தார். பிறகு ஒருநாள் என் மேசைக்கு வந்து, தன் சொந்த மின்னஞ்சலைப் போட்டு, நான் தேநீர் குடித்து முடிப்பதற்குள் கணக்கைத் திறந்துவிட்டார். "உலகத்துக்கே தொறந்து வெச்சிருக்காங்க நானா. பூட்டு நம்ம ஆபீஸ்லதான் இருக்கு." சொந்த போனிலிருந்து இணைய இணைப்புக் கொடுத்துத்தான் கடைசிவரை அந்த வேலையைச் செய்தார். அவர் செய்த வேலையைத்தான் இன்று எங்கள் அலுவலகத்தின் நவீனமயமாக்கல் என்று விளம்பரப் பலகையில் போட்டிருக்கிறார்கள்.

மேகம் மூடிய மாதங்களில் செய்மதிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களுக்கு முன்பின் தரவுகளை வைத்து ஊகித்து ஒரு எண் போட்டிருப்பார்கள். இவர் அந்த எண்களை எடுக்கமாட்டார். நம் பக்கத்தில் மழையில்லாத காய்ச்சல் மாதங்களில், வறண்ட கச்சான் காற்றடித்து வானம் துடைத்துவிட்டதுபோல் கிடக்கும்போது வருவதை மட்டும்தான் நம்புவார். மேலிடத்துக்கு அனுப்பும் அட்டவணையில் வெற்றுக் கட்டங்கள் கிடப்பது அழகில்லை, எதையாவது நிரப்புங்கள் என்று பணிப்பாளர் ஒருமுறை சத்தம் போட்டார். "தெரியாதத தெரியாதுன்னு போடுறதுக்கும் ஒரு கட்டம் வேணும் சேர்" என்று சொல்லிவிட்டு வெற்றாகவே அனுப்பினார். அந்த வருடம் அவருடைய பதவியுயர்வும் வெற்றாகவே கிடந்தது.

இனி மர விஷயத்துக்கு வருகிறேன். அவர் பிறந்த லயங்களுக்கு மேலே ஒரு மலை. முன்பு தேயிலை இருந்தது. கிழட்டுத் தேயிலை, இலாபமில்லை என்று பிடுங்கிவிட்டு, தோட்ட நிர்வாகம் அங்கே கருப்பந்தைல மரம், அதாவது யூகலிப்டஸ், வைத்தது. விறகுக்கும் பலகைக்கும் கிடுகிடுவென்று வளரும் மரம். மரம் வளர வளர லயத்துப் பீலி மெலிந்தது. மலையூற்றிலிருந்து வந்து கை மொத்தத்துக்கு விழுந்த தண்ணீர், காய்ச்சல் மாதங்களில் விரல் மொத்தமானது, பிறகு சொட்டியது. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் பெண்கள் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் குந்தியிருந்தார்கள். நிர்வாகம் சொன்ன காரணம் வேறு. ஓடைக்கரையில் தொழிலாளர்கள் போஞ்சியும் லீக்ஸும் போடுகிறார்கள், குழாய் போட்டு இறைக்கிறார்கள், அதனால்தான் ஊற்று வற்றுகிறது என்றது. தாங்கள் குடிக்கும் தண்ணீரைத் தாங்களே குடித்துத் தீர்த்துவிட்டார்களாம்.

சரோஜினி மிஸ்ஸுக்கு இது அலுவலக வேலையாக மட்டும் இருக்கவில்லை. செல்வியின் போஞ்சிப் பாத்தியும் அந்தக் கரையில்தான் இருந்தது. மரம் மேலே அனுப்பும் தண்ணீர் எவ்வளவு, மரக்கறிப் பாத்திகள் அனுப்புவது எவ்வளவு என்று பிரித்துக் காட்டிவிட்டால் யாரும் வாய் திறக்கமுடியாது என்று நம்பினார். மரத்துக்குச் செய்மதி போதும், அது ஒரு முழு மலை. பாத்திகளுக்குப் போதாது. செய்மதித் தரவு சதுரம் சதுரமாக வரும், ஒவ்வொரு சதுரமும் ஒரு லயத்தைவிடப் பெரியது. ஓடைக்கரையில் ஒடுங்கிக் கிடக்கும் பாத்திகள் மரத்தோடு ஒரே சதுரத்துக்குள் விழுந்துவிடும். ஆகவே பாத்திகளைக் காலால் நடந்து அளந்து, பரப்பையும் பயிரையும் வைத்துக் கணக்குப் போடுவது என்று முடிவெடுத்தார். அந்த நிலத்துக்கு எந்தப் படத்திலும் எல்லை கிடையாது. பரம்பரை பரம்பரையாக மனிதர் மண்ணைக் கொத்துகிறார்கள், காணி உறுதிப் பத்திரம் இல்லை, இலக்கமில்லை, ஒன்றுமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவருடன் போனேன். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் பாத்தியின் மூலைகளில் போய் நிற்கவேண்டும், நான் போனில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்வேன். அதுதான் ஏற்பாடு. முதலில் செல்வியின் பாத்தி. "சரோ அக்கா வந்திருச்சு" என்று எல்லோரும் சிரித்துக்கொண்டு கூடி நின்றார்கள். செல்வி போய் மூலையில் நின்றாள். நின்ற இடத்துக்குப் பின்னால் இன்னும் போஞ்சிக் கம்புகள் இருந்தன. அடுத்த மூலையிலும் அப்படியே, பாத்திக்கு உள்ளே வந்து நின்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டார், அவர்களைப் பார்த்து அதற்கடுத்தவர்கள். ஒருவர் விடாமல் எல்லோரும் தங்கள் நிலத்தைக் குறைத்துக் காட்டினார்கள். ஊரில் மற்றவன் எல்லாம் வேலியைத் தள்ளிப் போட்டுத்தான் எல்லை காட்டுவான். இந்தச் சனங்கள் உள்ளே வந்து நிற்கிறார்கள். கையில் அளக்கும் சாமானோடு வந்த எவனும் இதுவரை அவர்களுக்கு எதையும் கொடுத்துவிட்டுப் போனதில்லை. குறையக் காட்டினால் குறையப் பறிபோகும் என்று எண்ணியிருக்கிறார்கள்.

எனக்கு அது கண்ணில் பட்டது. அவருக்கும் பட்டது. பஸ்ஸில் திரும்பி வரும்போது, "மிஸ், கம்பு நட்ட இடமெல்லாம் வெளியே நிற்குதே, அப்படியே எழுதுறதா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார். "என் கூடப் பொறந்தவ, நானா. என் கையில போன பாத்ததும் அவளே பயந்து உள்ள வந்து நிக்கிறா. அவகிட்டப் போயி, இன்னும் பின்னுக்குப் போ, முழுசாக் காட்டுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவங்க காட்டுன மட்டும் எழுதுவோம். மரத்தோட கணக்குத்தான் முக்கியம், இது சும்மா ஒப்பிட்டுப் பாக்கத்தானே." பாத்தியின் பரப்பை அவர் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. அவர்கள் நின்ற புள்ளிகளைக் கோட்டால் இணைத்து நான் படம் வரைந்தேன். கீழே அவர் கையெழுத்துப் போட்டார்.

மரத்தின் கணக்கு அவர் எதிர்பார்த்தபடியே வந்தது. காய்ச்சல் மாதங்களில் சுற்றியிருந்த தேயிலை எல்லாம் சோர்ந்து, மேலே அனுப்புவதைக் குறைத்துக்கொண்டபோது, கருப்பந்தைல மலை மட்டும் குறைக்கவேயில்லை. ஆழத்தில் வேர்விட்டு, ஊற்றுக்குப் போகவேண்டியதை எடுத்து ஆகாயத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. படத்தில் அந்த மலை கருநீலமாக நின்றது. மரம் வைப்பதற்கு முந்திய வருடங்களின் தரவும் இருந்ததால், அப்போது அந்த நிறம் இல்லை என்பதையும் காட்டமுடிந்தது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்பும் பின்பும் நான் கண்டதில்லை. "இனிமே என்ன சொல்லுவாங்கன்னு பாப்போம் நானா" என்று சொல்லி, எனக்கும் பியோனுக்கும் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

கூட்டம் தோட்ட அலுவலகத்தில் நடந்தது. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை, எங்கள் பணிப்பாளர், நாங்கள் இருவர். துரை பண்பானவர், எழுந்து நின்று வரவேற்றார், தேயிலையும் நல்ல தேயிலை. சரோஜினி மிஸ் மரத்தின் படத்தை விரித்து விளக்கினார். துரை தலையாட்டிக் கேட்டார். ஒரு மறுப்பும் சொல்லவில்லை. அது மிகவும் சுவாரசியமான ஆய்வு என்றார், மரம் பற்றிய தீர்மானங்கள் கொழும்பில் எடுக்கப்படுகின்றன, இதை அங்கே அனுப்பிவைப்பதாகச் சொன்னார். பிறகு இரண்டாவது படத்தை, பாத்திகளின் படத்தைத் தன் பக்கம் திருப்பினார். "இந்த எல்லைக்கோடுகளை யார் காட்டியது?" என்று கேட்டார். "அவங்களேதான் நின்று காட்டினாங்க" என்றார் இவர். "அப்படியானால் இந்தக் கோட்டுக்கு வெளியே தங்களுக்கு ஒன்றும் இல்லை என்று அவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் துரை. அதைக் கேள்வியாகக்கூட அவர் கேட்கவில்லை. சரோஜினி மிஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை என்னால் எழுதமுடியாது.

"இல்ல சேர், அது அப்படியில்ல, அவங்க பயத்துல கொறைச்சுக் காட்டியிருக்காங்க" என்று உடனே சொன்னார். அப்படியென்றால் உங்கள் படம் பிழையா என்று துரை கேட்டார். படம் பிழை என்றால் மரக் கணக்கும் பிழையாக இருக்கலாமே என்றார். நம் பணிப்பாளர் அவசர அவசரமாக, அலுவலகம் வெளியிட்ட படம் சரியானது, அதில் அதிகாரியின் கையெழுத்து இருக்கிறது என்று சொல்லிவிட்டார். இத்தனை வருடத்தில் அவர் சரோஜினியின் வேலைக்காகத் துணிந்து பேசியது அந்த ஒருமுறைதான். பாழாய்ப்போன மனிதன்.

அடுத்த வாரம் தோட்டத்திலிருந்து ஆட்கள் வந்து, எங்கள் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்றதையெல்லாம் பிடுங்கினார்கள். காய் பிடித்த போஞ்சி. நீரூற்றுப் பாதுகாப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எங்கள் அலுவலகத்தின் வருடாந்த அறிக்கையிலும், செய்மதித் தொழில்நுட்பத்தின் உதவியோடு அத்துமீறிய பயிர்ச்செய்கை அகற்றப்பட்டது என்று ஏறியது. பீலியில் ஒரு சொட்டுக் கூடவில்லை. எப்படிக் கூடும்? குடிப்பவன் மேலே கருநீலமாக நின்றுகொண்டிருக்கிறான். கொழும்புக்குப் போன அந்த மரப் படத்துக்கு என்ன ஆனது என்று கேட்க இவர் தொலைபேசி எடுக்காத நாள் குறைவு. பரிசீலனையில் இருக்கிறது என்று ஒரே பதில். இன்றைக்கும் அது பரிசீலனையில்தான் இருக்கும்.

படத்தைத் திருத்திவிடலாம் என்று அவர் திரும்பவும் லயத்துக்குப் போனார். உண்மையான மூலையைக் காட்டுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று கேட்டார். நானும் கூட இருந்தேன். சண்டை பிடித்தாலாவது பரவாயில்லை, ஒருவரும் சண்டை பிடிக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள், பிளேன்டீ கொடுத்தார்கள். "வேணாங்க மிஸ். அளந்த மட்டும் போதுங்க மிஸ்" என்றார்கள். சரோ அக்கா என்று கூப்பிட்ட வாய்கள். செல்வி கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். பிளேன்டீயைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுத்தான் எழுந்தார். இறக்கத்தில் கொஞ்சத் தூரம் வந்ததும் ஒரு கல்லில் உட்கார்ந்து வாந்தியெடுத்தார்.

அந்தக் கரையில் பல வருடமாகப் பயிர் இருந்தது என்பதைப் பழைய தரவுகளிலிருந்தே நிரூபிக்கலாமா என்றும் தேடினார். சனிக்கிழமைகளில் எல்லாம் வந்து உட்கார்ந்து, வருடம் வருடமாகப் பின்னுக்குப் போய்ப் பார்த்தார். இருந்ததெல்லாம் அந்தப் பெரிய சதுரங்கள்தான். போஞ்சிப் பாத்தி அதற்குள் கரைந்துபோயிருந்தது. கடைசியில் கணினியை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: "வானத்துலயிருந்து பாத்தாலும் நம்ம ஆளுக தெரியமாட்டாங்க நானா. தெரியணும்னா ஒரு மலையளவுக்காவது சொந்தமா இருக்கணும்." சிரிக்கவில்லை. அப்புறம் அந்தத் தோட்டத்தைப் பற்றி அலுவலகத்தில் அவர் பேசியதில்லை. செய்மதியைக் குற்றம் சொல்லவும் இல்லை. அப்புத்தளைப் பக்கத்து மரக்கறி விவசாயிகள் சிலருக்கு, எந்த வாரம் எவ்வளவு இறைக்கவேண்டும் என்று தரவைப் பார்த்து போனில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர்களுடையது சொந்தக் காணி, எல்லைக் கல் உள்ள காணி.

ஈரலில் நோய் என்று தெரிந்தபோது மிகவும் முற்றியிருந்தது. பதுளை ஆஸ்பத்திரியில் நான் பார்க்கப்போகும்போதெல்லாம் கச்சான் தொடங்கிவிட்டதா, வானம் எப்படியிருக்கிறது என்று கேட்பார். ஒருநாள் மட்டும் வேறொன்று கேட்டார். "செல்வி வந்தாளான்னு வெளிய பாருங்க நானா. வெக்கப்பட்டுட்டு வெளியவே நிப்பா." நான் போய் வராந்தா முழுக்கப் பார்த்தேன். அவள் இல்லை. இப்போதுதான் போனாள், வேலை இருக்கிறதாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். இட்டுநிரப்பிய எண்களை ஏற்காதவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹாலிஎலவில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக்குப் போனபோது செல்வி வந்திருந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். லயத்திலிருந்தும் சனங்கள் வந்திருந்தார்கள், ஆனால் முற்றத்துக்கு அப்பால், ரோட்டோரத்தில் நின்றார்கள். உள்ளே வரலாமா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. என்னைக் கண்டதும் செல்வி எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "நான்தான் நானா மொதல்ல உள்ள போய் நின்னேன். என்னயப் பாத்துத்தான் எல்லாரும் நின்னாங்க. அக்கா அத பாத்துச்சா, பாக்கலயா? அது மட்டும் சொல்லுங்க." பார்த்தார் என்றேன். பஸ்ஸில் அவர் சொன்னதையும் அப்படியே சொன்னேன். அவள் கையை விட்டுவிட்டாள். "ஒரு வார்த்த சொல்லியிருந்தா பின்னுக்குப் போயிருப்பேனே" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள்.

கருமாதி முடிந்து சில நாட்களில் செல்வி போன் பண்ணி வரச்சொன்னாள். போனேன். ஓடைக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். போஞ்சி பிடுங்கிய இடம் சும்மா கிடக்கவில்லை, அங்கேயும் கருப்பந்தைலக் கன்று வைத்திருந்தார்கள். முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று வந்திருந்தது. அவள் கன்றுகளுக்கு நடுவில் நடந்து, நான் குறித்துக்கொண்ட இடத்தையும் தாண்டி, நன்றாகத் தள்ளிப் போய் நின்றாள். "இதுதாங்க எங்க மூல. எழுதிக்கிடுங்க" என்றாள். இப்போது எழுதி என்ன புண்ணியம் என்று எனக்கு வாய்வரை வந்தது. அவளுக்கும் அது தெரியும். போனை எடுத்துக் குறித்தேன். அடுத்த மூலைக்குப் போய் நின்றாள், அதையும் குறித்தேன். மேலே லயத்து வாசல்களில் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஒருத்தி இறங்கி வந்து தன் பழைய பாத்தியின் மூலையில் நின்றாள். பிறகு இன்னொருத்தி.

அந்தப் படத்தை நான் வரைந்து முடித்துவிட்டேன். கையெழுத்துப் போட அதிகாரி இல்லை, அதை எந்த அலுவலகமும் ஏற்காது, ஒரு கன்றையும் அது பிடுங்கப்போவதில்லை. சரோஜினி மிஸ்ஸின் நினைவாக என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அதில் யாரும் உள்ளே வந்து நிற்கவில்லை.